நைட்ரோ ட்ரக்: புகைக்குழாய்ப் பழுதுகளும் நீலகிரியின் மெல்லிய காற்றும்

நைட்ரோ ட்ரக் என்பது மெத்தனால், நைட்ரோமெத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருளில் ஓடும் ரேடியோ கட்டுப்பாட்டு வண்டி. நிஜ வண்டியின் எட்டில் ஒரு பங்கு அல்லது பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகிறது. பெரிய சக்கரம், நீண்ட சஸ்பென்ஷன், மேடு பள்ளத்தில் தாவி விழுந்தாலும் தாங்கும் உடல்வாகு. உள்ளே இருப்பது 2 முதல் 5 கன செ.மீ. வரையுள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நிமிடத்துக்கு 30,000 சுற்றைச் சாதாரணமாகத் தொடும். இந்த எஞ்சினில் அடிக்கடி பழுதாகும் இடம் புகைக்குழாய்த் தொடர். பழுது எதுவென்று கண்டுபிடிப்பதில் அதிகம் தவறு நேர்வதும் அங்கேதான். கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் ஊட்டி போன்ற ஊரில் அந்தத் தவறு இன்னும் எளிதாக நேர்கிறது. மெல்லிய காற்று கலவையை ஒரு பக்கம் இழுக்கிறது. ஓட்டை விழுந்த குழாய் மறுபக்கம் இழுக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று மறைத்துவிடுகிறது.

அமைப்பு

சிலிண்டரின் புகைத் துளையிலிருந்து வளைந்து வரும் அலுமினியக் குழாய்க்கு ஹெடர் என்று பெயர். அதற்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவில் கேஸ்கட் அல்லது ஓ-ரிங் இருக்கும். ஸ்க்ரூவோ ஸ்பிரிங்கோ இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும். ஹெடரின் மறுமுனையை டியூன்டு பைப்பின் வாயோடு சேர்ப்பது கப்ளர் எனப்படும் சிலிக்கோன் ரப்பர்த் துண்டு. டியூன்டு பைப் மெல்லத் தொடங்கி, வயிறு பருத்து, மறுபடி குறுகி, ஸ்டிங்கர் என்ற சிறு வால்குழாயில் முடியும். பைப்பைச் சேசிஸோடு பிடித்து வைப்பது ஒரு கம்பி. பைப்பில் திருகியிருக்கும் நிப்பிளிலிருந்து ஒரு மெல்லிய டியூப் கிளம்பி எரிபொருள் டாங்கின் மேற்பகுதிக்குப் போகும்.

அந்த மெல்லிய டியூப்பைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இந்த எஞ்சினில் எரிபொருள் பம்ப் கிடையாது. புகையின் அழுத்தத்தில் ஒரு சிறு பங்கு டாங்குக்குள் நுழைந்து, எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. புகைக்குழாயில் எங்கே கசிந்தாலும் இந்த அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் எரிபொருள் குறையும், கலவை லீன் ஆகும் (காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இராது), சூடு ஏறும். எரிபொருளோடு எண்ணெயும் கலந்தே வருவதால், எரிபொருள் குறைந்த அளவுக்கு எண்ணெயும் குறைகிறது. சூடு கூடும் அதே நேரத்தில் பிஸ்டனும் லைனரும் கனெக்டிங் ராடும் எண்ணெய்க்குத் தவிக்கின்றன. இருநூறு, முந்நூறு ரூபாய்க் கப்ளரில் விழுந்த கீறல் பல ஆயிரம் ரூபாய் எஞ்சினை இறுகவைத்து முடக்குவது இப்படித்தான்.

குழாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இல்லை. புகைத் துளை திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும். டியூன்டு பைப்பின் பின்கூம்பு, வெளியேறும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, ஓடிப்போகும் கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. கணக்கு இப்படி: 30,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 500-இல் ஒரு விநாடி. புகைத் துளை ஏறக்குறைய அரைச் சுற்று நேரம், அதாவது 1,000-இல் ஒரு விநாடி, திறந்திருக்கும். சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். அந்த நேரத்தில் அலை கடப்பது அரை மீட்டர். போய்த் திரும்ப வேண்டுமென்றால் கூம்பு அதில் பாதித் தூரத்தில், ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலாக, இருக்க வேண்டும். கப்ளர் நழுவி நீளம் சில மில்லிமீட்டர் கூடினாலே வேகத்தின் உச்சம் கீழிறங்கும். கப்ளர் கிழிந்தால் அலையே வலுவிழந்து போகும்.

வரலாறு

புகை வெளியேறும் வழியை எஞ்சினின் உறுப்பாக நினைக்கத் தொடங்கியவர்கள் ஜெர்மானியர்கள். 1920-களில் அடால்ஃப் ஷ்னூர்லே, கலவை சிலிண்டருக்குள் வளையமிட்டுச் சுழன்று புகையை வெளியே தள்ளும்படி துளைகளை அமைத்தார். இன்றைய நைட்ரோ எஞ்சின்களின் லைனரில் இருக்கும் துளைகள் அந்த யோசனையின் வாரிசுகளே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.கே.டபிள்யூ. பந்தய மோட்டார் சைக்கிளில் எரிக் வோல்ஃப் வயிறு பருத்த புகைக்குழாயைப் பொருத்திப் பார்த்தார். அதை ஒரு விஞ்ஞானமாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். சோப்பாவ் என்ற சிற்றூரில் இருந்த எம்.இசட். தொழிற்சாலையின் பந்தயப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். போர்க்காலத்தில் ஏவுகணைத் திட்டத்தில் வேலை பார்த்தவர். குழாய்க்குள் அலை எப்படிப் போய்த் திரும்புகிறது என்பதை ஆசிலோஸ்கோப் வைத்து ஆராய்ந்தார். பணத்துக்கும் நல்ல உலோகத்துக்கும் பஞ்சமான தொழிற்சாலை அது. அங்கே பிறந்த 125 சி.சி. எஞ்சின் 1961-இல் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற கணக்கை டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் அதற்கு முன் எந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினும் தொட்டதில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில், சுவீடன் பந்தயத்தின்போது, எம்.இசட். அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பிப் போனார். போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. 1962-இல் 50 சி.சி. உலகப் பட்டத்தைச் சுசுகிக்கு வென்று கொடுத்தவரும் அவரே. காடன் பத்தாண்டு உழைத்துக் கண்ட குழாய்க் கணக்கு ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. 1985-இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் சைலன்சரும் அந்த வழியில் வந்ததுதான். நீலகிரி மலைச்சாலையின் பர்லியாறு வளைவுகளில் அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு டியூன்டு பைப் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

மாடல் எஞ்சின்களின் கதை வேறொரு பக்கத்தில் நடந்தது. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதிலுள்ள பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒருமுறை சூடாக்கிவிட்டால் போதும். மெத்தனாலோடு சேர்ந்து வினையாற்றித் தானே கனன்றுகொண்டிருக்கும். தீப்பொறி உண்டாக்கத் தேவைப்பட்ட பாட்டரி, காயில், கண்டென்சர் என்ற சுமையெல்லாம் ஒரே நாளில் விலகியது. இந்தியாவில் கொல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் அரோரா என்ற பெயரில் சிறு மாடல் டீசல் எஞ்சின்களைச் செய்து விற்றது. என்.சி.சி. விமானப் பிரிவில் மாடல் விமானம் கட்டிப் பழகியவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே தெரியும். அந்தக் காலத்து மாடல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகைக்குழாயே கிடையாது; சிலிண்டர்ப் பக்கவாட்டில் ஒரு திறந்த வாய், அவ்வளவுதான். பழுதாக அங்கே எதுவும் இல்லை.

டியூன்டு பைப் மாடல் எஞ்சினுக்கு வந்தது 1960-களின் நடுவில். கம்பியில் கட்டி வட்டமாகச் சுற்றிப் பறக்கவிடும் வேகப் போட்டியில் அமெரிக்கரான பில் விஸ்னியூஸ்கி அதைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். அங்கிருந்து பந்தயக் கார்களுக்கும், பிறகு ட்ரக்குகளுக்கும் வந்தது. ட்ரக் வகையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது, 1986-இல் டெக்ஸாஸில் தொடங்கிய டிராக்ஸஸ் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட டி-மேக்ஸ். எச்.பி.ஐ.யின் சாவேஜ், டிராக்ஸஸின் ரெவோ ஆகியவை அடுத்தடுத்து வந்தன. விமானத்தில் காற்றில் மிதந்த குழாய், ட்ரக்கில் கல்லோடும் மண்ணோடும் மோத வேண்டியதாயிற்று. புகைக்குழாய்ப் பழுது என்பது தனி விஷயமாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

பழுது வகைகள்

பழுதுகளை இணைப்புப் பழுது, உலோகப் பழுது, அழுத்தக் குழல் பழுது, அடைப்பு என நான்காகப் பிரிக்கலாம். கையில் வரும் வண்டிகளில் பெரும்பான்மை முதல் வகைதான்.

இணைப்புப் பழுதுகளில் கப்ளருக்கே முதலிடம். சிலிக்கோன் ரப்பர் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை நீண்ட நேரம் தாங்கும். ஹெடருக்குள் வரும் புகை அதைவிட வெகு சூடு. ஆனாலும் கப்ளர் பிழைப்பதற்குக் காரணம், ஹெடரின் நுனியும் பைப்பின் நுனியும் உள்ளே ஏறக்குறைய முட்டிக்கொண்டு, ரப்பரின் மேல் புகை நேரே படாமல் காப்பதே. இரண்டு நுனிக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டுவிட்டால், அந்த வளையம் மட்டும் முதலில் பழுப்பாகும், பிறகு கருத்து மொறுமொறுப்பாகும், ஒருநாள் பிளந்துவிடும். கழற்றிப் பார்த்தால் உட்புறம் ஒரு மோதிரம் போலக் கரிந்த தடம் தெரியும். கப்ளர் மலிவுச் சரக்கு என்று அலுத்துக்கொள்வார்கள். மலிவுச் சரக்கும் உண்டுதான். ஆனாலும் கரிந்த மோதிரம் தெரிந்தால் குற்றம் இடைவெளியின் மேல்தான். கப்ளரின் இரு முனையிலும் ஜிப் டை போடலாமா என்ற கேள்விக்கும் விடை எளிது. போட வேண்டும். எண்ணெய் ஊறிய ரப்பர் அலுமினியத்தின் மேல் வழுக்கும். தாவி விழும் வண்டியில் வெறும் இறுக்கம் போதாது. வளைந்த ஹெடர் உள்ள வண்டி தலைகீழாக விழும்போது கப்ளர் கழன்று பைப் தனியே தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஹெடர் கேஸ்கட் இரண்டாவது. ஸ்க்ரூ பிடிக்கும் வகையில், சூட்டிலும் குளிரிலும் அலுமினியமும் இரும்பும் வெவ்வேறு அளவு விரிந்து சுருங்குவதால் பிடி தளரும். சாதாரணத் திரெட்லாக்கர் 150 டிகிரியை ஒட்டி வலுவிழக்கும். அதை நம்பிப் பயனில்லை. ஓட்டி முடித்து எஞ்சின் ஆறியதும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதே வழி. அதற்காக ஆத்திரத்தோடு இறுக்கினால் எஞ்சின் உடலில் உள்ள மறை போய்விடும். ஸ்பிரிங் வகையில் அந்தப் பயம் இல்லை. ஆனால் ஸ்பிரிங் துருப்பிடித்தோ தளர்ந்தோ தெறித்துப் போகும். நைட்ரோமெத்தேன் எரியும்போது உண்டாகும் அமிலப் படிவும் ஈரமும் இரும்பைச் சும்மா விடுவதில்லை.

உலோகப் பழுதுகளில் ஹெடரின் வெல்டிங் விளிம்பில் விழும் விரிசலே பெரியது. காரணம் அனேகமாக ஹெடரில் இருக்காது. பைப்பைத் தாங்கும் கம்பி உடைந்தோ வளைந்தோ போயிருக்கும். அந்த எடை முழுவதும் ஹெடரின் கழுத்தில் தொங்கி, நிமிடத்துக்கு முப்பதாயிரம் முறை அதிர்ந்து, உலோகம் களைத்து விரிசல் விடும். கம்பியைச் சரிசெய்யாமல் புது ஹெடர் மாட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் உடையும். பைப்பின் வயிற்றில் விழும் சொட்டைகளால் பெரிய கெடுதல் இல்லை. பின்கூம்பில் விழுந்தால் மட்டும் அலை கெடும். சில வண்டிகளோடு வரும் கண்ணாடி இழை கலந்த நைலான் பைப்புகள் சொட்டை விழாதவை. ஆனால் நைலான் 260 டிகிரியை ஒட்டி உருகும். கலவை லீன் ஆன எஞ்சினில் ஹெடரை ஒட்டிய முனை இளகி ஓவல் வடிவமாகிவிடும். ஓவலான வாயில் எந்தக் கப்ளரும் உட்காராது. அலுமினியமே மேல்.

அழுத்தக் குழல் பழுது சின்னது போலத் தெரியும், கெடுப்பது பெரிது. அதிர்வில் நிப்பிள் கழன்று விழும். டியூப், சூடான பைப்பைத் தொட்டு ஊசித் துளை அளவுக்குப் பொத்துவிடும். டாங்க் மூடியின் ரப்பர் வளையம் உப்பிப் போனாலும் இதே விளைவுதான். அடைப்பு வகையில் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள்தான் முதல் காரணம். விளக்கெண்ணெய் அதிகச் சூட்டிலும் உலோகத்தைக் காக்கும். ஆனால் கரிந்து, பழுப்பு வார்னிஷாக ஸ்டிங்கரில் படியும். செயற்கை எண்ணெயோடு கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளே இரண்டுக்கும் நடுவழி.

எஞ்சினை நிறுத்துவதற்காக ஸ்டிங்கரை விரலாலோ துணியாலோ அடைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி அடைக்கும்போது ஏறும் அழுத்தம், ஏற்கெனவே தளர்ந்த கப்ளரைப் பிடுங்கி எறியும். எரிபொருள் டியூப்பை நசுக்கியோ, ஃப்ளைவீலைக் கீழிருந்து தடுத்தோ நிறுத்துவதே பாதுகாப்பானது.

மலையில்

நீலகிரியில் எஞ்சின் பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கும் எந்திரம், கவாத்து எந்திரம், புல் வெட்டும் எந்திரம் எல்லாம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடுபவை. அவற்றின் சைலன்சரில் கரி அடைப்பதும், எஞ்சின் இழுக்காமல் போவதும், கரியைச் சுரண்டி எடுத்ததும் சரியாவதும் பட்டறைகளில் அன்றாட வேலை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் நைட்ரோ ட்ரக்கில் ஏமாற்றிவிடும். கையில் பிடிக்கும் எந்திரங்களில் இருப்பது டயாஃப்ரம் கார்புரேட்டர். கிராங்க் கேஸில் உண்டாகும் அழுத்தத் துடிப்பே அங்கே எரிபொருளை இழுக்கும் பம்ப். சைலன்சரில் ஓட்டை விழுந்தால் சத்தம் கூடும், கொஞ்சம் திறன் குறையும்; எரிபொருள் வரத்து பாதிக்கப்படாது. ஆகவே புகைப் பக்கத்து ஓட்டையை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவது அங்கே தவறில்லை. நைட்ரோ ட்ரக்கில் அதே ஓட்டை பம்பில் விழுந்த ஓட்டை.

புகையை வேலைக்கு அமர்த்திய எந்திரம் இந்த மலைக்குப் புதிதும் அல்ல. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைக்கப்பட்ட மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் இரண்டு ஜோடி சிலிண்டர்கள் உண்டு. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையுள்ள பல்சக்கரப் பாதையில், முதல் ஜோடியை இயக்கி வெளியேறும் நீராவி வீணாகாமல் இரண்டாம் ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வெளியேறும் வழியில் கசிந்தால் ஏற்றத்தில் இழுவை குறையும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பாலபாடம்.

இனி உயரம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர். ஊட்டி நிலையம் 2,203 மீட்டர். தண்டவாளத்தில் 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஊட்டியின் குளிர் காற்றை அடர்த்தியாக்குவதால் இழப்பில் கொஞ்சம் ஈடாகும், முழுதும் ஆகாது. கார்புரேட்டருக்குள் போகும் காற்று குறைகிறது. எரிபொருள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகக் கோயம்புத்தூரில் சரியாக டியூன் செய்த வண்டி ஊட்டியில் ரிச்சாக, அதாவது காற்றுக்கு மிஞ்சிய எரிபொருளோடு, ஓடும். புகை அடர்த்தியாக வரும், பிக்கப் மந்தமாகும், ஸ்டிங்கரிலிருந்து எண்ணெய் சொட்டும். எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலைச் சிறிது உள்ளே திருகினால் சரியாகும். நைட்ரோமெத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜனைச் சுமந்து வருவதால், அது கூடுதலாக உள்ள எரிபொருள் உயரத்தில் இழந்த திறனில் ஒரு பகுதியை மீட்டுத் தரும்.

இந்த இரண்டு விளைவுகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதுதான் மலையின் சிக்கல். உயரம் கலவையை ரிச் ஆக்குகிறது. குழாய்க் கசிவு லீன் ஆக்குகிறது. கோயம்புத்தூரில் டியூன் செய்த வண்டியில், மலைக்கு வந்தபின் கப்ளர் லேசாகக் கிழிந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். நீடிலைத் தொடாமலே வண்டி கச்சிதமாக ஓடும். மலைக் காற்று வண்டிக்கு ஒத்துக்கொண்டது என்று ஓட்டுபவர் மகிழ்ந்துபோவார். அதே வண்டியை மறுவாரம் கீழே கொண்டுபோய் முழு வேகத்தில் விட்டால், அடர்ந்த காற்றும் கிழிந்த கப்ளரும் சேர்ந்து கலவையை ஒரே பக்கம் தள்ளும். முதல் டாங்க் முடிவதற்குள் எஞ்சின் இறுகிவிடும். பழியெல்லாம் சமவெளி வெயிலின் மேல் விழும்.

ஊட்டிக்கு ஏற்றபடி நீடிலை உள்ளே திருகி வைத்தபின் கசிவு விழுவது இன்னொரு வழி. இங்கே சேதம் மலையிலேயே நடந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வேறுபாடு உதவும். உயரத்தின் விளைவு முதல் ஸ்டார்ட்டிலிருந்தே ஒரே மாதிரி இருக்கும். கசிவின் விளைவு மாறிக்கொண்டே வரும்: சூடேற ஏற மோசமாகும், டாங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் கூடும், திராட்டிலை விட்டபிறகும் எஞ்சின் சட்டென்று அடங்காமல் சில விநாடி உயர்ந்த சுற்றிலேயே நிற்கும்.

சூடு பார்க்கும் பழைய வித்தையும் மலையில் திருத்தம் கேட்கிறது. சிலிண்டர் ஹெட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை விநாடியில் ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். மூன்று, நான்கு விநாடி நின்றால் சரி, பட்டதும் சுருண்டு தெறித்தால் மிகைச் சூடு என்பது கணக்கு. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினும் சொட்டை வேகமாக விரட்டும். சூடு அதிகம் என்று நினைத்து நீடிலை வெளியே திருகினால் வண்டி மறுபடி புகை கக்கும். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. ஹெட்டில் 95 முதல் 130 டிகிரிக்குள் இருப்பது வழக்கம்.

ஈரம் அடுத்தது. மழைக்காலத்தில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் புல் காய்வதே இல்லை. கொதிக்கும் பைப் நனைந்த புல்லிலும் சேற்றுக் குட்டையிலும் அழுந்தும்போது உலோகம் திடீரெனச் சுருங்கும். வெல்டிங் விளிம்பில் ஏற்கெனவே களைப்பு இருந்தால் அங்கேதான் திறக்கும். பைப்பின் சுவர் குளிர்ந்தால் உள்ளே புகையும் குளிர்ந்து, ஒலி மெதுவாகப் பயணிக்கும். அதே நீளக் குழாய் நீளமானது போல நடந்துகொள்ளும். மூடுபனியில் வண்டியின் உச்ச வேகம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், திறந்து வைத்த எரிபொருள் கேன் இந்தக் காற்றில் சீக்கிரம் கெடும்.

தை முதல் பங்குனி வரை நிலைமை தலைகீழ். உறைபனியில் கருகிய புல் காய்ந்து கிடக்கும். கசியும் ஹெடர் சூடான எண்ணெயையும் எரியாத எரிபொருளையும் சேர்த்துத் தெளிக்கும். மெத்தனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் ஊற்றினால் அணையும் என்பது ஒன்றே ஆறுதல். காட்டு ஓரம், சோலை ஓரம், காட்டெருமை மேயும் தேயிலைச் சரிவு எதுவும் இந்த வண்டிக்கான இடம் இல்லை. சத்தமும் காரணம், நெருப்பும் காரணம்.

சோதனையும் செப்பனிடலும்

கசிவு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். புகையோடு வரும் எண்ணெய், ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றி ஈரமான கரும்பழுப்புத் தடமாகப் படியும். எஞ்சினைத் துடைத்துச் சுத்தமாக்கி, ஒரு டாங்க் ஓட்டிவிட்டு, மறுபடி பார்த்தால் புதுத் தடம் எங்கே என்று தெரிந்துவிடும். அதிலும் பிடிபடாவிட்டால், எஞ்சின் ஆறியபின் டாங்க் மூடியில் உள்ள டியூப்பைக் கழற்றி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து புகைத் துளையை மூடி, ஸ்டிங்கரை விரலால் அடைத்து, சோப்பு நுரையைக் கப்ளரிலும் கேஸ்கட்டிலும் தடவி, டியூப்பின் வழியே மெதுவாக ஊத வேண்டும். குமிழி எழும் இடம்தான் பழுது. பிஸ்டன் பக்கம் கொஞ்சம் காற்று போகும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கிழிந்த கப்ளருக்கு மருந்து கிடையாது, மாற்றுவதுதான். பசையும் டேப்பும் ஒரு டாங்க் தாங்காது. ஹெடர் விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் மூடலாம். சுவர் மெல்லியது என்பதால் கை தேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூரின் பம்ப், மோட்டார் தொழிலை நம்பி வளர்ந்த பட்டறைகளில் அந்தக் கை உண்டு. வெல்டிங் முடிந்ததும் ஹெடரின் முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துவது அவசியம். சூட்டில் முகம் கோணியிருக்கும். கோணிய முகத்தில் புதுக் கேஸ்கட்டும் ஒரே நாளில் ஊதிவிடும். பழுது நீங்கியபின் நீடிலைப் பழைய இடத்தில் வைத்து ஓட்டக்கூடாது. கசிவோடு ஓடியபோது செய்த திருத்தங்களையெல்லாம் விட்டுவிட்டு, ரிச்சான நிலையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மலை இறங்கும்போதும் அதேதான்: கீழே முதல் ஸ்டார்ட்டுக்கு முன் நீடிலை வெளியே திருகிவிட வேண்டும்.

எரிபொருள்

தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருப்பதும் விற்பதும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமத்துக்கு உட்பட்டவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த மாதமே மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனைகளைக் கடுமையாக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வீட்டில் எரிபொருள் கலந்துகொள்ளும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. அப்படி இருப்பதே நியாயம். முத்திரை உடையாத கேன் மட்டுமே வாங்க வேண்டும். அதைப் பூட்டி வைக்க வேண்டும். தீப்பற்றும் பொருள் என்பதால் ரயிலில் கொண்டுபோவதும் குற்றம்.

இன்றைய நிலை

பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பாட்டரியும் வந்தபின் நைட்ரோ ட்ரக்குகள் குறைந்துவிட்டன. மின் வண்டிகளுக்குப் புகைக்குழாய் இல்லை, காற்று மெலிந்தாலும் மோட்டாரின் திறன் குறைவதில்லை. பழைய மாடல்கள் சிலவற்றின் ஹெடரும் கேஸ்கட்டும் இப்போது கிடைப்பது அரிது; கப்ளர் மட்டும் எல்லா அளவிலும் கிடைக்கிறது.